சுகந்தியின் ஆறு பற்கள்

என் தங்கையின் ஆறு பற்களை அவளுடைய சம்மதம் இல்லாமல் அராவ வைத்தவள் நான். கையெழுத்து அவளுடையது. முடிவு என்னுடையது.

இதைக் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் சுகந்தியைப் பார்க்கப் போவதில்லை.

அப்போது அவள் மடுல்கெல்லவில், தேயிலைத் தோட்டத்து முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். நான் திருமணமாகிக் குண்டசாலைக்கு வந்திருந்தேன். அவளுடைய மேல்வரிசை முன்பற்கள் சின்னவை, இடைவெளி விட்டு நிற்பவை. அவளுக்கு அது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் எனக்குத்தான் தெரிந்தது. நான்தான் கண்டிக்கு அழைத்துப் போனேன்.

அவளுக்குக் கடையில் சாமான் வாங்குமளவுக்குத்தான் சிங்களம் வரும். பல் டொக்டர் பேசியதோ பாதி ஆங்கிலம், பாதி வேகமான சிங்களம். ஆகவே நடுவில் நான். மடியில் என் மூன்று வயது மகள், லேசான காய்ச்சலோடு சிணுங்கிக்கொண்டு.

டொக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். பல்லின் முன்புறம் ஒட்டும் பீங்கான் ஓடுகளில் இரண்டு வகை உண்டாம். ஒன்று மிக மெல்லியது. பல்லை அராவாமல் மேலேயே ஒட்டலாம். சற்றுத் தடிப்பாகத் தெரியலாம். ஆனால் அடியில் சொந்தப் பல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். மற்றது வழமையானது, எனாமலைக் கொஞ்சம் அராவிவிட்டு அந்த இடத்தில் ஓடு பொருத்துவது. இயல்பாக அமையும். தங்கச்சியின் பற்கள் சிறியவை, முதலாவதே போதும் என்றார்.

பிறகு என் முகத்தைப் பார்த்து, மெதுவாகச் சொன்னார். அராவிய எனாமல் திரும்ப வளராது. வாழ்நாள் முழுவதும் அதன்மேல் ஏதாவதொரு ஓடு இருந்தே ஆக வேண்டும். யோசித்துச் சொல்லட்டும்.

சுகந்தி என் முழங்கையைத் தொட்டாள். "என்னக்கா சொல்றாங்க?"

"ரெண்டு விதம் இருக்காம். ஒண்ணு கொஞ்சம் தடிப்பா தெரியுமாம். மத்தது சொந்தப் பல்லு மாதிரியே இருக்குமாம்."

"எது நல்லதாம்?"

"ரெண்டாவது."

"நீ சொன்னா சரிதான். வலிக்காமப் பாத்துக்கச் சொல்லு. நான் கத்துனா ஒன் மக பயந்துருவா."

அவ்வளவுதான்... ஆங்கிலப் படிவத்தில் நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டாள்.

எனாமல் திரும்ப வளராது என்பதை ஏன் சொல்லாமல் விட்டேன்? குழந்தையின் காய்ச்சல்தான் காரணம் என்று பல நாள் எனக்கே சொல்லிப் பார்த்தேன். இல்லை. மேசையிலிருந்த படங்களில் அந்தத் தடித்த பற்களைப் பார்த்திருந்தேன். மாப்பிள்ளையின் தாய் "கட்டின பல்லா?" என்று கேட்டுவிட்டால்... அந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன். முழுவதையும் சொன்னால் சுகந்தி மறுத்துவிடுவாள் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் விட்டேன்.

மகளுக்கு ஒரு கரண்டி பாணி மருந்து கொடுக்குமுன் போத்தலில் ஒட்டியிருப்பதை மூன்று முறை வாசிக்கிறவள் நான். தங்கையின் வாய்க்கு மட்டும் எப்படி ஒரு நிமிடம் போதுமாயிற்று?

திருமணம் நடந்தது. இப்போது வத்தேகமவில் இருக்கிறாள். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் கூசுகிறதாம். தன் பல்லே பலவீனம் என்று நம்புகிறாள். உண்மையைச் சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன்... பிள்ளை அழுதாள், அடுப்பில் பால் பொங்கியது, ஏதாவதொன்று எனக்கு உதவியது.

சென்ற மாதம் சாப்பிடும்போது ஓடு ஒன்று கழன்று விழுந்தது. உடனே தொலைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, உள்ள இருக்கிறது என் பல்லே இல்லக்கா. தேஞ்சு, சொரசொரன்னு இருக்கு. எலி கரண்டுன தேங்கா மாதிரி இருக்குன்னு இவரு சிரிக்கிறாரு. எல்லாத்தையும் கழட்டிட்டா பழைய மாதிரி வருமான்னு கேட்டுச் சொல்லு."

மறுபடி அதே அறை. மறுபடி நடுவில் நான். கழன்றதை ஒட்டுவதற்காக அவள் வாயில் பஞ்சு வைத்திருந்தார்கள். அவளுடைய கேள்வியை டொக்டரிடம் கேட்டேன். அவர் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தினார். எனாமல் திரும்ப வராது என்று அன்றைக்கே சொன்னோமே, தங்கச்சிக்கு அது ஞாபகம் இருக்கிறதா, கேளுங்கள் என்றார்.

சுகந்தி என்னைப் பார்த்தாள். இப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"தண்ணி குடிச்சா கூசுதான்னு கேக்குறாங்க" என்றேன்.

அவள் ஆமென்று தலையசைத்தாள். அதைப் பார்த்துவிட்டு டொக்டர் கோப்பில் எழுதிக்கொண்டார். அந்தத் தலையசைப்பை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

ஓட்டோவில் திரும்பும்போது கேட்டாள். "பழைய மாதிரி வருமாமா?"

"வராதாம்."

நாக்கால் அந்தப் பல்லைத் தடவிப் பார்த்தாள். "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் வேணாம்னு சொல்லியிருப்பேன்ல. இவங்க எல்லாம் இப்பிடித்தான்க்கா, முழுசா சொல்ல மாட்டாங்க."

"ஆமா" என்றேன்.

அந்த டொக்டர் எதையும் மறைக்கவில்லை. மற்ற ஐந்தையும் பார்க்க அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார். வேறு யாரையாவது கூட்டிப் போ என்று சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. அவளோ, நான் கூட இருந்தால் பயமில்லை என்கிறாள்.