பூட்டிய போனும் ஈரோட்டுக்காரரும்

கணபதி பகுதியில் ஒரு பம்ப்செட் தொழிற்சாலையில் எனக்கு ஸ்டோர்கீப்பர் வேலை. வீட்டில் நான் மட்டும். மனைவி பிரிந்து போய்ச் சில வருடம் ஆகிறது. தப்பு யார் பக்கம் என்று கேட்டால் சண்டைக்கு வருவேன், அதனால் கேட்க வேண்டாம். வேலை முடிந்து வந்தால் எனக்குத் துணை ஒரு பழைய ஸ்மார்ட்போன்.

துணை என்றால் அதில் பேசுவதல்ல. போன் கம்பெனிக்காரன் ஒரு மாடலை விற்றுவிட்டு இரண்டு மூன்று வருடத்தில் கைகழுவி விடுவான். அப்டேட் வராது. நல்ல போன் வீணாகப் போகும். பூட்லோடர் என்று உள்ளே ஒரு பூட்டு உண்டு. அதைத் திறந்துவிட்டால், கம்பெனி போட்ட மென்பொருளைத் தூக்கிவிட்டு, எங்களைப் போன்றவர்கள் செய்ததைப் போட்டு அதே போனை இன்னும் பல வருடம் ஓட்டலாம். என் மாடலுக்கு அப்படிச் செய்து தந்தவன் நான். மாதத்துக்கு ஒன்று. முதலில் என் போனில் போட்டுப் பார்த்து, சரியாக ஓடினால்தான் அந்த மாடல் வைத்திருப்பவர்களுக்கான இணையக் குரூப்பில் ஏற்றுவேன்.

பூட்டைத் திறக்கக் கம்பெனியிடம் அனுமதி கேட்டு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு வாரமும் புதிதாக வந்தவருக்கு எங்கள் குரூப்பில் 'மாப்பிள்ளை' என்று பெயர். "மாப்பிள்ளைக்கு இன்னும் மூணே நாளுங்க, தூக்கம் வருதுங்களா?" என்று ஆளாளுக்குக் கலாய்ப்போம். முகம் தெரியாத ஆட்கள்தான். ஆனால் நான் வாய்விட்டுச் சிரித்தது அங்கே மட்டும்தான்.

பிறகு போன் கம்பெனி கிடுக்கிப்பிடி போட்டது. அனுமதி கேட்டால் பதில் வரவில்லை. பழைய மாடல்களுக்கு இனிமேல் கிடையாது என்று ஒருநாள் அறிவித்தும் விட்டார்கள். நான் வாங்கிய போனுக்குள் நான் நுழைய எவனுக்குக் கும்பிடு போட வேண்டும்? இன்றைக்கும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. புதியவர்கள் வருவது நின்றது. பழையவர்கள் புதுப் போன் வாங்கிக்கொண்டு சொல்லாமல் நழுவினார்கள். கடைசியில் மிஞ்சியவர் ஒரே ஒருவர், ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் வேலை செய்பவர். மாதாமாதம் நான் ஏற்றிய மறுநாள் எழுதுவார்: "போட்டனுங்க. நல்லா ஓடுதுங்க. ரொம்ப நன்றிங்க." அந்த ஒரு வரிக்காகத்தான் செய்துகொண்டிருந்தேன். அவரும் போய்விட்டால் எனக்கு என்ன இருக்கிறது என்று பயமாகவே இருந்தது.

இந்த ஆடி மாதம் தொழிற்சாலையில் வருகைப் பதிவை ஒரு ஆப்புக்கு மாற்றினார்கள். பூட்டுத் திறந்த போனில் அது வேலை செய்ய மறுத்தது. "ஏனுங்க, எல்லார்த்துக்கும் வருது, உங்களுக்கு மட்டும் எப்படிங்க வராம போகும்?" என்று சூப்பர்வைசர் மூன்று நாள் கேட்டார். நாலாம் நாள் காலை, அடுப்பில் டீ கொதிக்க, கோபத்தோடு போனைக் கம்ப்யூட்டரில் செருகிப் பூட்டைப் போட்டுவிட்டேன்.

கம்பெனியின் பழைய மென்பொருளைத் திரும்பப் போட்ட பிறகுதான் பூட்ட வேண்டும். நாங்கள் செய்ததை உள்ளே வைத்துப் பூட்டினால் போன் எழாது. இதைக் கொட்டை எழுத்தில் எழுதிக் குரூப்பின் தலையில் ஒட்டியவன் நான். செய்துவிட்டு வந்து அழுதவர்களைப் படிக்கத் தெரியாதா என்று திட்டியவனும் நானே. இப்போது கறுப்புத் திரையில் ஒரு எச்சரிக்கை வரி. அதற்கு மேல் அசையவில்லை. மறுபடி திறக்கலாம் என்றால் அனுமதி தர ஆளில்லை. டீ பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது.

சொந்தப் போனில் சோதிக்காததை அடுத்தவர் போனில் போடச் சொல்ல எனக்கு மனம் வராது. இரண்டு நாள் தள்ளிப்போட்டு, கம்ப்யூட்டரிலிருந்து ஈரோட்டுக்காரருக்கு எழுதினேன்: என் போன் போய்விட்டது, இனிமேல் செய்ய முடியாது, மன்னிக்க வேண்டும். கீழே, அவசரத்துக்கு வாங்கிய பட்டன் போனின் எண்ணைப் போட்டேன். ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டார். அவர் குரலை அன்றுதான் கேட்டேன்.

"அட, இதுக்கு எதுக்குங்க மன்னிப்பு? நான்தானுங்க கேக்கோணும். நான் வேற போன் மாத்தி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சுங்க."

"அப்புறம் நல்லா ஓடுதுன்னு மாசாமாசம் எழுதுனீங்களே?"

"நீங்க அத்தன மெனக்கெட்டுச் செஞ்சு போடறீங்க. ஒருத்தருமே ஒண்ணும் சொல்லாம உட்டா நல்லா இருக்குங்களா?"

"பேட்டரி சீக்கிரம் எறங்குதுன்னு சித்திரைல சொன்னீங்களே? ரெண்டு ஞாயித்துக்கெழமை உக்காந்து பார்த்தனுங்க."

மெதுவாகச் சொன்னார்: "அந்த மாசம் நீங்க ஒண்ணுமே ஏத்தலைங்க. ஒடம்புக்கு ஏதாச்சும் ஆயிருச்சோன்னு இருந்துச்சு. நேரா எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. அதான் எதையாச்சும் சொல்லி வெச்சனுங்க."

கோபப்படப் பார்த்தேன், வரவில்லை. அந்த மாதம் எனக்குக் காய்ச்சல்தான். எட்டு நாள் ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை. அவருடைய புகார் வந்த பிறகுதான் எழுந்து உட்கார்ந்தேன். இல்லாத கோளாறைத் தேடிய அந்த இரண்டு ஞாயிறும்தான் இந்த வருடத்தில் நான் நன்றாக இருந்த நாட்கள். அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"போன் கெடந்துட்டுப் போகுதுங்க. சும்மா கூப்பிடுங்க, பேசலாம்" என்றார். சரிங்க என்றேன்.

ஒரு மாதம் ஆகிறது. பட்டன் போனை எடுப்பேன், அவர் எண்ணைப் பார்ப்பேன், வைத்துவிடுவேன். சும்மா கூப்பிட்டு என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.