அது கார்ல சொன்னது சார்

போன மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் மேனேஜர் என்னைத் திட்டினார். அதில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. வேலையை விட்டுவிடலாமா என்று நான் முதல்முறையாக யோசித்தது அன்றைக்குத்தான்.

குழப்புகிறேனா? இருங்கள்... வரிசையாகச் சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பெயின்ட் பக்கெட் செய்யும் கம்பெனியில் நான் டிரெய்னி இன்ஜினீயர். பிளாஸ்டிக்கை உருக்கி, அச்சில் தள்ளி, பக்கெட்டும் மூடியும் அடிக்கிறோம். ஒரு வருஷம் டிரெய்னி. அது முடிந்ததும் மேனேஜர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் டாட்டா. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் முதுகில் டெலிவரி பையை மாட்டிக்கொண்டு சுற்றுகிறார்கள். அதனால் அந்தக் கையெழுத்து எனக்கு எவ்வளவு முக்கியம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

மேனேஜர் பரந்தாமன் சார். அவர் வாயிலிருந்து வருவதில் முக்கால்வாசியை இந்தப் பக்கத்தில் அச்சடிக்க முடியாது. அடிக்க முடிந்த சாம்பிள் ஒன்று — "டேய் சோமாறி, ஹீட்டர் ஆஃப் ஆயிக்கீது, நீ இன்னாத்த வேடிக்க பாத்துகினு நிக்கிற?" இது அவருடைய குட் மார்னிங். மீதி எல்லாம் நம் அம்மாவில் ஆரம்பித்து நம் பரம்பரை வரை போகும்.

சேர்ந்த புதிதில் நான் முகம் சுருங்கி நின்றபோது, மெஷின் ஆபரேட்டர் ஏழுமலை அண்ணன்தான் தெளிவுபடுத்தினார்.

"திட்டுனா உன்ன நம்மாளுன்னு வெச்சிக்கிறாருன்னு அர்த்தம். ஒருநாள் வாங்க போங்கன்னு பேசுவாரு பாரு... அன்னிக்கு மூட்டைய கட்டிக்க."

சனிக்கிழமை மட்டும் சார் கெட்ட வார்த்தை பேசமாட்டார். பெருமாளுக்கு விரதம். நெற்றியில் நாமம், ஒரு வேளைச் சாப்பாடு, சுத்தமான நாக்கு. இதனால் எங்கள் கம்பெனியில் யாரும் சொல்லாமலே ஒரு சிஸ்டம் உருவாகிவிட்டது. கெட்ட செய்தி எல்லாம் சனிக்கிழமைக்குத் தள்ளிப்போகும். வியாழக்கிழமை உடைந்த ஹீட்டர்கூட எங்கள் ரிப்போர்ட்டில் சனிக்கிழமைதான் உடையும். பேக்கிங் செக்‌ஷன் கலா அக்கா லீவு கேட்பதும் சனிக்கிழமைதான்.

அடுத்தது, கார்.

சாரும் மீஞ்சூர், நானும் மீஞ்சூர். காலையில் ரயில்வே கேட் பக்கத்தில் நிற்பேன், ஏற்றிக்கொள்வார். மின்சார ரயிலில் தொங்கி, ஷேர் ஆட்டோவில் நசுங்கி வருகிறவனுக்கு ஏசி கார் கசக்குமா என்ன?

அந்தக் காருக்குள் அவர் வேறு ஆள். "இன்னா நைனா, நாஷ்டா ஆச்சா?" என்பார். பொன்னேரி தாண்டுவதற்குள் தன் சுகர், மச்சானோடு தகராறு, பெங்களூரில் இருக்கும் பையன் போனை எடுக்காதது எல்லாம் வந்துவிடும். ஒரு மனுஷன் இவ்வளவு சொல்லும்போது நாம் எவ்வளவு நேரம்தான் 'உம்' கொட்டுவது? பதிலுக்கு நாமும் ஏதாவது சொல்ல வேண்டும். ஓசி சவாரிக்கு அதுதான் டிக்கெட்.

அப்படித்தான் ஒருநாள் சொன்னேன்... அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு அம்மா வேப்பம்பட்டில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டதை. என் நண்பர்களுக்குக்கூடத் தெரியாத விஷயம்.

சார் வண்டியை ஓரம்கட்டினார். "நீ நடுவுல பூந்து எதுவும் பேசாத. அப்பப்போ போய் பாத்துட்டு வா. மனசு ஆறுனா அவங்களே வந்துருவாங்க" என்றார். நல்ல மனுஷன் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அதுதான் பேஜாரே.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம்.

ஒரு லோடு பக்கெட் திரும்பி வந்திருந்தது. மூடி சரியாக உட்காரவில்லை, லாரி முழுக்க பெயின்ட் என்று கஸ்டமர் கத்தியிருக்கிறார். என் ஷிஃப்ட்டில் அடித்த மூடி. தகவல் வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்துவிட்டது. நான் சிஸ்டப்படி சனிக்கிழமை காலையில் சொன்னேன்.

சார் ஒரு மூடியை எடுத்து பக்கெட்டில் வைத்து அமுக்கினார். மூடி ஒரு பக்கம் எழும்பியது. இன்னொரு பக்கம் அமுக்கினார். இந்தப் பக்கம் எழும்பியது. அவர் முகம் சிவந்தது. வாய் திறந்தது... மூடியது. வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போவதை நான் பார்த்தேன். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"பெத்த அம்மாவே உங்க ஊட்ல இருக்க முடியாம தங்கச்சி ஊட்டுக்குப் போய் ஒக்காந்துக்கினு கீறாங்க. நீ எங்கேந்து ஒரு மூடிய ஒழுங்கா ஒக்கார வெக்கப் போற?"

கவனியுங்கள், ஒரு கெட்ட வார்த்தை இல்லை. விரதத்துக்குப் பங்கம் இல்லை.

ஏழுமலை அண்ணன் குனிந்து, சும்மா இருந்த மெஷினைத் துடைக்க ஆரம்பித்தார். கலா அக்கா டேப் ஒட்டுவதை நிறுத்திவிட்டது.

ஒரு வருஷமாக என் அம்மாவை இழுத்து அவர் பேசாத பேச்சில்லை. ஒன்றுகூட உறைத்ததில்லை. ஏனென்றால் அதில் இருந்தது யாரோ ஒரு அம்மா. ஊருக்கே பொதுவான வசவில் வரும் அம்மா. அன்றைக்கு அவர் சொன்னதில் இருந்தது என் அம்மா. பையில் இரண்டு புடவையை வைத்துக்கொண்டு ரயில் ஏறிய என் அம்மா.

வழக்கமான சரக்கைத் தொட முடியாத நாளில், கைக்கு எட்டியதை எடுத்து வீசிவிட்டார். அவ்வளவுதான்.

"சார், அது கார்ல சொன்னது" என்றேன்.

"இன்னாது?"

"கார்ல சொன்னத இங்க பேசாதீங்க சார். திட்டணும்னா எப்பவும் போல திட்டிக்கங்க."

மூடியை டேபிளில் வைத்துவிட்டு ஆபீஸ் ரூமுக்குப் போய்விட்டார்.

கலா அக்காதான் முதலில் வாயைத் திறந்தது. "இன்னாடா இது, பொசுக்குனு கேட்டுட்ட?"

"கேட்டது கரெக்டுதான்" என்றார் ஏழுமலை அண்ணன். "ஆனா திங்கக்கெழம கீதுல்ல... இன்னிக்கு முழுங்குனத எல்லாம் சேத்து வெச்சு குடுப்பாரு. காதுல பஞ்சு வெச்சிகினு வா."

திங்கட்கிழமை நான் ரயில்வே கேட் பக்கம் போகவில்லை. ரயிலில் தொங்கி, ஆட்டோவில் நசுங்கிப் போய்ச் சேர்ந்தேன். சார் நேராக என்னிடம் வந்தார். எல்லாரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"வாங்க தம்பி. அந்த மூடி ரிப்போர்ட் ரெடி பண்ணிட்டீங்களா?"

வாங்க. பண்ணிட்டீங்களா.

அவர் போனதும் ஏழுமலை அண்ணன் என் தோளில் கையை வைத்தார். "சரி விடு. சைதாப்பேட்டைல என் மச்சான் கம்பெனில கேட்டுப் பாக்கறேன்." கலா அக்கா எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்து, துக்க வீட்டில் கொடுப்பதுபோலக் கையில் கொடுத்தது.

அதற்கப்புறம் தினமும் இதே கதைதான். எல்லாருக்கும் வழக்கமான பரம்பரைப் பூஜை. எனக்கு மட்டும் மரியாதை. அந்த மரியாதை இருக்கிறதே, அது மாதிரி தனிமை எதுவும் இல்லை. பந்தியில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு நம் இலையை மட்டும் தாண்டிப் போவது மாதிரி. ராத்திரி படுத்தால் அந்தக் கையெழுத்துதான் ஞாபகம். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தால் இந்நேரம் ஏசி காரில் போய்க்கொண்டிருப்பேனே என்றும் தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் பொய்.

இந்த வாரம் கூப்பிட்டார்.

டேபிளில் என் கன்ஃபர்மேஷன் பேப்பர். கையில் பேனா. கதவைச் சாத்தச் சொன்னார். பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"அம்மா... ஊட்டுக்கு வந்துட்டாங்களா?"

அது கார் குரல். அந்த மனுஷனால் கேட்க முடிந்த மன்னிப்பு அவ்வளவுதான் என்று எனக்குப் புரிந்தது. 'இன்னும் வர்ல சார்' என்று சொன்னால் போதும். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுப்பார். யோசனை சொல்வார். மறுநாள் ரயில்வே கேட்டில் கார் நிற்கும். 'டேய்' திரும்ப வந்துவிடும். எவனாவது கசக்கிறது என்பானா?

ஆனால், என்றைக்காவது இன்னொரு சனிக்கிழமை வரும். இன்னொரு லோடு திரும்பி வரும்.

"ஊட்ல எல்லாரும் நல்லா கீறாங்க சார்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். அக்கம்பக்கத்தில், கல்யாண மண்டபத்தில், பாதி தெரிந்தவர்களிடம் எல்லாரும் சொல்லும் அதே பதில். அதற்கு மேல் கேட்க வழியில்லாத பதில். அவருக்கும் புரிந்துவிட்டது.

"சந்தோசம்" என்றார். கையெழுத்துப் போட்டார். பேப்பரை என் பக்கம் தள்ளினார். "நீங்க போலாம்."

வெளியே ஏழுமலை அண்ணன் நம்பவே இல்லை. பேப்பரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாங்க போங்கன்னு பேசிகினே கையெழுத்து போட்டாரா? இந்த கம்பெனில இப்டி ஒண்ணு நடந்ததே இல்லியேடா."

அம்மா இன்னும் வேப்பம்பட்டில்தான் இருக்கிறார். சாரிடம் மறைத்ததை ஊருக்கே சொல்கிறானே என்று நினைக்காதீர்கள். எழுதலாமா என்று அம்மாவிடம் போனில் கேட்டேன்.

"தாராளமா எழுது" என்றார். "உங்கப்பாவாவது படிக்கட்டும்."