என் தம்பியின் கல்லைக் காணோம்

குன்றத்து மலையைச் சுற்றி வரும் கிரிவலத் தோழிகளே, ஆனி பௌர்ணமியன்று நான் முருகனைத் திட்டிக்கொண்டே நடந்ததை உங்களில் பாதிப் பேர் கேட்டிருப்பீர்கள். அப்புறம் என்ன ஆச்சு, எழுதிக் கொடு என்று விடாமல் கேட்கிறீர்கள். பக்தியாக எழுத எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் தம்பி தவசி ராணுவத்தில் கேப்டன். உசிலம்பட்டிக்கு மேற்கே எங்கள் ஊரிலிருந்து அதிகாரியாகப் போன முதல் ஆள். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் வடக்கே பனிமலையில் நடந்த போரில், ஓர் ஆடி மாதம் செத்துப்போனான். பெட்டியில் வந்தான். துப்பாக்கி வெடித்து மரியாதை செய்தார்கள். அப்பா நிலத்தில் ஒரு துண்டை விற்று, பஸ் நிறுத்தத்தில் அவனுக்குக் கல் வைத்தார்.

அந்தக் கல்லைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வரும். செதுக்கியவர் வாழ்நாள் முழுக்கக் கருப்பசாமி சிலை மட்டும் செய்தவர். போட்டோவைக் கையில் கொடுத்தும், அளவாகக் கத்தரித்த மீசை வைத்திருந்த என் தம்பிக்குக் காது வரைக்கும் மீசை வைத்துவிட்டார். முட்டைக் கண். துப்பாக்கியை அரிவாள் மாதிரி ஓங்கிப் பிடித்திருந்தான். "இது தவசியா? வேட்டைக்குப் போற சாமி மாதிரியில்ல இருக்கு!" என்று அந்தப் பெரியவரை ஊர் பார்க்கத் திட்டினேன். அவர் உளிகளைத் துணியில் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் அப்பா ஒரு சாயங்காலம் தவறாமல் அந்தக் கல்லுக்கு விளக்கு வைத்தார். அம்மா இறந்த பிறகு அவருக்கு அது ஒன்றுதான் வேலை.

போன பங்குனியில் அப்பாவிடமிருந்து போன் வந்தது.

"தாயி, தம்பியக் காணோம்."

ரோட்டை அகலப்படுத்த வந்தவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கல்லைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பெயர் வெட்டிய பீடம் மட்டும் நாலு துண்டாக ஓரத்தில் கிடந்தது.

நான் குன்றத்து அடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். லீவு போட்டுவிட்டுத் தல்லாகுளத்தில் ரோட்டு வேலை பார்க்கிற ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். மேலதிகாரி நல்ல மனிதர், தேடிக் கொடுங்கப்பா என்று எழுதிக் கொடுத்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. கீழே இருந்தவர் பைலைப் புரட்டிவிட்டுச் சொன்னார்:

"அனுமதி வாங்காம வச்ச கல்லும்மா. எங்க ரெக்கார்டுல அங்க கல்லே இல்ல. இல்லாத கல்லு எப்படிக் காணாமப் போகும்?"

"இல்லாத கல்லுக்குத்தான் வருசா வருசம் பெரிய மனுசங்க ஆளுக்கொரு மாலையோட வந்து போட்டோ புடிச்சிக்கிட்டாங்களா?" என்றேன். அவர் டீ குடிக்கப் போய்விட்டார். ஒப்பந்தக்காரரிடம் கேட்டால் லாரிக்காரர் என்றார். லாரிக்காரர் போனையே எடுக்கவில்லை. சித்திரை போனது, வைகாசி போனது. நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவனுக்கு ஒரு கல் நிற்க இடமில்லையா என்று எனக்கு வயிறு எரிந்தது.

அதைவிடப் பெரிய பயம் அப்பா. கல் இருந்த இடம் இப்போது லாரி போகும் ரோடு. பனைமரத்திலிருந்து பதினாறு எட்டு என்று கணக்கு வைத்துக்கொண்டு, தினமும் பொழுது சாய்ந்ததும் நடு ரோட்டில் போய் விளக்கை வைத்துவிட்டு நின்றார். இரண்டு முறை பஸ் பிரேக் அடித்து நின்றதாக டீக்கடைக்காரர் போன் செய்தார். எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று காலைப் பிடித்தேன்.

"நானும் வந்துட்டா, அவன் தேடி வாரப்ப யாரு தாயி வெளிச்சம் காட்டுவா?" என்றார்.

ஒருநாள் அப்பாவும் ரோட்டோடு போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்குத்தான் கிருத்திகை விரதம் எடுத்தேன். உப்பில்லாமல் ஒரு வேளைச் சாப்பாடு. ஆனி பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்து, உங்கள் காதில் விழுந்த அந்தப் பேச்சைப் பேசினேன். "முருகா, நீயும் சேனாபதிதானே? சண்டையை முடித்துவிட்டு வந்து இங்கே கல்யாணம் செய்துகொண்டு சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிறாய். என் தம்பிக்கும் பெண் பேசி வைத்திருந்தோம். அவன் வரவே இல்லை. அவன் கல்லையாவது கொண்டுவந்து கொடு. முடியாதென்றால் கையில் பிடித்திருக்கிற வேலைக் கீழே வைத்துவிடு."

வீட்டுக்காரர் பின்னால் வந்துகொண்டிருந்தார். "ஒரு பழத்துக்குக் கோவிச்சுக்கிட்டு மலை ஏறுன ஆளு அவரு. அவர்கிட்டயே கோவத்தக் காட்டுறியே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுதுகொண்டே சுற்றி முடித்தேன்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள். தவசியின் நினைவு நாளுக்கு இன்னும் மூன்றே நாள். பள்ளிக்கூடத்தில் சோறு இறக்கிக்கொண்டிருந்தபோது எங்கள் சமையலம்மா பேச்சியம்மாள் லீவு கேட்டாள்.

"பொறந்த ஊர்ல மொத ஆடிப் பொங்கலுக்கா. பட்டாளத்துச் சாமிக்கு."

"அதென்ன புதுச் சாமி?"

"துப்பாக்கி வச்ச சாமிக்கா. கண்மாய்க் கரைக்கு மண்ணு அடிச்சப்ப லாரில வந்து எறங்குச்சு. பொக்லைன்காரரு ஒடைக்கத்தான் போனாராம். மீசையையும் முழியையும் பாத்ததும் பயந்து எறங்கி, செருப்பக் கழட்டிட்டுக் கும்புட்டாராம். அம்புட்டுத்தான், வேப்பமரத்தடியில வச்சிட்டோம்."

கரண்டியை அண்டாவிலேயே போட்டேன். யாரிடமும் சொல்லாமல் வெளியே வந்து மலையைப் பார்த்து நின்றேன்.

மறுநாள் காலையிலேயே வீட்டுக்காரர் ஒரு காரைப் பிடித்தார். அப்பாவையும் ஏற்றிக்கொண்டு பேச்சியம்மாள் பிறந்த ஊருக்குப் போனோம். வேப்பமரத்தடியில் என் தம்பி நிற்கிறான். மேலெல்லாம் மஞ்சள், கழுத்தில் எலுமிச்சை மாலை, இடுப்பில் வெள்ளை வேட்டி. வாய்க்கு நேராகப் புகைகிற சுருட்டு!

நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. "பீடி கூடத் தொடாத பயலுக்குச் சுருட்டா? இது சாமி இல்ல, என் தம்பி. கேப்டன் தவசி. கல்லத் தூக்குங்க, நாங்க கொண்டு போறோம்" என்று கத்தினேன்.

பொங்கல் வைத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்துவிட்டார்கள். பேச்சியம்மாள் கையைப் பிசைந்தாள். "அக்கா, பொங்கல் வச்ச சாமிய எப்படிக்கா பேத்துக் குடுக்குறது? பட்டாளத்துக்கு ஆள் எடுக்குற எடத்துக்குப் போற பிள்ளைக எல்லாம் இங்க சொல்லிட்டுத்தான்க்கா போகுதுக."

அப்பா யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய் காது வரைக்கும் நீண்ட அந்த மீசையைத் தடவினார். பங்குனிக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் சிரித்தார்.

"நீ திட்டுன மீசைதான் தாயி ஒன் தம்பியக் காப்பாத்தியிருக்கு" என்றார். எனக்குச் சாட்டையால் அடித்த மாதிரி இருந்தது. அச்சாக அவன் முகத்தையே செதுக்கியிருந்தால், யாரோ ஒருவன் முகம் என்று உடைத்துப் போட்டிருப்பார்கள். என் வேண்டுதலுக்கு இருபத்தைந்து வருஷம் முன்னாலேயே முருகன் அந்தப் பெரியவரின் உளியில் பதில் எழுதி வைத்திருக்கிறான். நான்தான் அதைத் திட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"கல்லத் தூக்க வேணாம்" என்றார் அப்பா. "பனியில தனியாக் கெடந்தான். ரோட்டுலயும் தனியாத்தான் நின்னான். இங்க ஆளுக இருக்காக."

எனக்கு மனசு ஆறவில்லை. இப்போதும் முழுக்க ஆறவில்லை. நான் கேட்டது கல்லை எங்கள் ஊருக்கு. முருகன் கொடுத்தது வேறு கணக்கு. ஆனால் அப்பா நடு ரோட்டுக்குப் போவதை அன்றோடு நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டில்தான் இருக்கிறார், இரண்டு வேளை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். வெள்ளிக்கிழமை மட்டும் பஸ் ஏறிப்போய் விளக்கு வைத்துவிட்டு வருகிறார். புதுப் பீடத்தில் கேப்டன் தவசி என்று பெயர் வெட்டச் செய்தேன். சுருட்டை நிறுத்தச் சொல்லி இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். செதுக்கிய பெரியவர் இப்போது இல்லை. அவர் மகன் வீட்டுக்குப் போய், அவர் படத்துக்கு மாலை போட்டு மன்னிப்புக் கேட்டேன்.

தோழிகளே, பணிவாகக் கேட்க முடியாவிட்டால் சண்டை போட்டாவது அவனிடம் கேளுங்கள். நம் சண்டையைத் தாங்குகிற சாமி அவன். கேட்டதைக் கேட்டபடி தராவிட்டாலும் விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். இரண்டு எட்டு தள்ளி எங்காவது வைத்திருப்பான்.

அன்று காரில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். பேச்சியம்மாள் பொங்கல் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கல்லின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இருபத்தைந்து வருஷமாக எங்கள் வீட்டைத் தவிர வேறு யாரும் அன்பாகச் சொல்லிக் கேட்காத பெயரைச் சொன்னாள்.

"வாரேன் தவசி."