அவுட் ஒஃப் லைன்

இதைப் படிக்கும் உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். தீர்ப்புக் கூறுவதற்கு அல்ல. மேடையில் நான் எதைச் சொன்னேன், எதை வெட்டி எறிந்தேன் என்பதைக் கேட்டு வைத்துக்கொள்வதற்கு.

திகாம் பத்து ஊர்க் கோயில் மண்டபத்தில் நடந்த பேச்சுப் போட்டி அது. ஏதேனும் ஓர் ஆங்கிலச் சொல்லின் கதையைத் தமிழில் பேச வேண்டும். நான் எடுத்துக்கொண்ட சொல் ‘லைன்’. தேர்வு சரியானது என்று இன்றும் சொல்வேன். ஆளிச் செடியின் நாரில் திரித்த நூலுக்கு லத்தீன் மொழியில் வழங்கிய பெயரிலிருந்து பிறந்தது அது. கொத்தனார் சுவரை நேர்பார்க்கப் பிடிக்கும் கயிறானது, தாளில் இழுத்த கோடானது, கவிதையின் அடியானது. எங்கள் பெற்றோர் பிறந்த ரப்பர்த் தோட்டத்தில் வரிசை வீடுகளாகி, தமிழ் வாயில் லயமாயிற்று. கைப்பேசியில் தொடர்பு கிடைக்காவிட்டால் ‘லைன் இல்ல’ என்கிறோம். பெண்ணின் பின்னால் சுற்றுபவனை ‘லைன் போடுறான்’ என்கிறோம். இத்தனையையும் ஒரே மூச்சில் அடுக்கிக் குரலை உயர்த்தி நிறுத்தினேன். கைதட்டல் வந்தது. சிரிப்பு வரவில்லை. சிரிப்புக்கென்றே ஒரு கதையைக் கடைசியில் வைத்திருந்தேன்.

அது என் அக்காவின் கதை. அவள் கூலிம் நகரில் ஒரு தொழிற்சாலையின் உற்பத்தி வரிசையில் வேலை செய்கிறாள். அங்கும் அதற்குப் பெயர் லைன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சூப்பர்வைசர் ஒருவர் அவளிடம், “யூ ஆர் அவுட் ஒஃப் லைன்” என்று கத்தினார். வரம்பு மீறிப் பேசுகிறாய் என்பது அதன் பொருள். லைனிலிருந்தே தன்னை நீக்கிவிட்டார்கள் என்று அக்கா புரிந்துகொண்டாள். கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, லாக்கர் அறையில் பையை மடியில் வைத்தபடி அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாள். தேடி வந்தவர்கள்தான் சொல்லிப் புரியவைத்து அழைத்துப் போனார்கள். அவர்கள் யாரும் இப்போது அந்த லைனில் இல்லை. சிடாம் கிரியில் எங்கள் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே என்னிடம் மட்டும் அதைச் சொன்னாள். “யாருகிட்டயும் சொல்லிறாதடா தம்பி, மானம் போயிரும்லா.”

ஒத்திகையில் ‘ஒரு தொழிலாளி’ என்றுதான் பேசிப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. ‘என் தமக்கை’ என்று மாற்றினேன். போட்டியன்று மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. தம்பி பேசுகிறான் வாருங்கள் என்று தன் லைன் பெண்களை அழைத்து வந்து முன்வரிசையில் அமர்த்தியிருந்தவள் அக்காவேதான். அவர்கள் திரும்பி அவளைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். முதல் பரிசு எனக்குக் கிடைத்தது.

மோட்டார்சைக்கிளில் அக்காவைப் பின்னால் உட்காரவைத்து அழைத்து வந்தேன். வீட்டு வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் திணித்தாள். மறுவாரம் அவளுக்கு லைன் லீடர் வேலைக்கு நேர்காணல் இருந்தது.

“நான் இன்டர்வியூவுக்குப் போகல.”

“ஏன்க்கா? நான் பேரு சொல்லலையே.”

“எனக்கு எத்தன தம்பிடா? நாளைக்கு லீடரா நின்னு அதுங்கள ஒரு வார்த்த கேட்டா, ‘நீங்க அவுட் ஒஃப் லைன்கா’ன்னு திருப்பிக் கொடுக்கும்ங்க. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்?”

பட்டிமன்றத்தில் எதிரணியின் எந்த வாதத்தையும் துண்டு துண்டாக்கத் தெரிந்தவன் நான். அக்காவின் கதையையும் அப்படித்தான் துண்டாக்கியிருந்தேன். சூப்பர்வைசர் ஏன் கத்தினார் என்பதை நான் மேடையில் சொல்லவே இல்லை. வயிற்றுவலியில் துடித்த ஒரு பெண்ணுக்கு வெளியே போக அவர் அனுமதி மறுத்தார். அவள் போகட்டும், அவள் வேலையையும் நானே பார்க்கிறேன் என்று அரைகுறை ஆங்கிலத்தில் எதிர்த்து நின்றவள் அக்கா. இதைச் சேர்த்தால் சிரிப்பு வரத் தாமதமாகும். ஆகவே வெட்டினேன்.

மறுநாள் காலை கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு அவளோடு நானும் போனேன்.

“அக்கா, இன்னிக்கி லைனுக்கு உள்ளயா வெளியயா?” என்று ஒருத்தி தொடங்கினாள்.

“வாய மூடுடி, சேம்பியன் வந்திருக்காரு” என்றாள் இன்னொருத்தி.

வெட்டிய பகுதியை அவர்களிடம் சொன்னேன். மேடைக் குரல் வரவில்லை. இரண்டு இடத்தில் தடுமாறினேன்.

முதலில் கேலி செய்தவள் என்னை முறைத்தாள். “நேத்து இத ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க சிரிச்சிருக்க மாட்டீங்க.”

பிறகு அவளே அக்காவின் கையைப் பிடித்தாள். “இன்டர்வியூவுக்குப் போங்கக்கா. எங்களுக்கு இப்படிப் பேசற ஆளுதான் வேணும்லா.”

“சரி, போறேன்” என்றாள் அக்கா. பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்தவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் ஆறியிருக்கவில்லை. “இதையும் ஒருநாளு மேடையில பேசுவதானே நீ?”

பஸ்ஸுக்குள் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன்: “உன்னக் கேக்காம உன் கதய எங்கயும் சொல்ல மாட்டேன்க்கா. நீ சரின்னா, ஒரு வார்த்த வெட்டாம முழுசா சொல்வேன்.” அவள் சரியென்ற பிறகே இதை எழுதுகிறேன்.