கல்லறையில் ஒரு கார் சாவி: கடம்பத்தூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை

பழவேற்காட்டுப் பறவைகள், திருவாலங்காட்டுக் கோயில் என்று எழுதிக்கொண்டிருந்தவன் இந்த முறை கார் சாவியைப் பற்றி எழுதுகிறேன். தனக்கென்று பதிந்த சாவி இல்லாமல் இன்ஜினை எடுக்க விடாத இம்மொபிலைசர் வைத்த வண்டியின் ஒரே சாவியைத் தொலைத்துவிட்டு, சர்வீஸ் சென்டர்காரர் சொன்ன தொகையைக் கேட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது உதவலாம். எங்கள் சாவி தொலைந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். என் தங்கை ரெஜினாவின் கணவர் ஆரோக்கியத்தின் சட்டைப் பையில், அவரோடு கல்லறையில் இருக்கிறது.

ஆரோக்கியம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலைக்கு கான்டிராக்டில் கார் ஓட்டியவர். வண்டி சொந்தம், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 2009 நவம்பர் மழையில் ஒரு காலை, தெருமுனை டீக்கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நாற்பத்து மூன்று வயதுதான்.

அவர் கூட ஓட்டிய டிரைவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. கூட்டாளி இறந்தால் காக்கிச் சட்டை போட்டு, வண்டிச் சாவியை அந்தச் சட்டைப் பையில் வைத்து, கார்களை வரிசையாக நிறுத்தி ஒரு நிமிடம் ஹாரன் அடிப்பார்கள். பெட்டியை மூடுவதற்கு முன்னால் சாவியை எடுத்து மனைவியின் கையில் கொடுத்துவிடுவார்கள். அன்று கொட்டிய மழையில் எல்லாமே அவசரம். ரெஜினா எடுத்திருப்பாள் என்று டிரைவர்கள் நினைத்தார்கள். டிரைவர்கள் எடுத்திருப்பார்கள் என்று ரெஜினா நினைத்தாள். துக்கம் கேட்க வருகிறவர்கள் குறைந்து, வண்டியை நகர்த்தலாம் என்று போனபோதுதான் விஷயம் புரிந்தது.

கான்டிராக்டர் இரக்கமில்லாதவர் என்று சொல்ல மாட்டேன். இரண்டு வாரம் பொறுத்தார். ஆனால் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டி கேட்டில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு வண்டி போட்டுக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். ஓட்டுவதற்கு அதே தெருவில் ஆள் தயாராக இருந்தது. அந்த வண்டி ஓடினால்தான் ரெஜினா வீட்டில் அடுப்பு எரியும், இரண்டு பெண்களும் பள்ளிக்கூடம் போவார்கள். சர்வீஸ் சென்டரில் வண்டியைச் சென்னைக்கு இழுத்து வரச் சொன்னார்கள். பூட்டு செட், கம்ப்யூட்டர் பெட்டி எல்லாம் மாற்ற இருபத்திரண்டாயிரம், இரண்டு வாரம் ஆகுமாம். குழியைத் திறந்து எடுத்துவிடலாமா என்று ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். ரெஜினா பார்த்த பார்வையில் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

விசாரித்ததில் மீஞ்சூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் நாசர் பாய் என்பவர் மெஷினோடு வீட்டுக்கே வந்து செய்வார் என்று தெரிந்தது. போனில் கேட்டேன். வண்டி புதிதாக வாங்கும்போது கொடுக்கும் ரகசியக் கோடு நம்பர் இருந்தால் பாதி வேலை முடிந்தது என்றார். அந்த நம்பர் வண்டியின் முதல் ஓனரிடம்தான் இருக்கும். அவர் இருப்பது கடம்பத்தூரில், நான் இருக்கும் திருவள்ளூரிலிருந்து ஏழு கிலோமீட்டர்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு ஸ்கூட்டரில் கிளம்பினேன். தூறல் நிற்கவே இல்லை. முதல் ஓனர் ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர். பீரோவைக் குடைந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் வில்லையை எடுத்து வந்தார். ஐந்து எண்கள், அதில் ஒன்று தேய்ந்து போயிருந்தது.

“வண்டி எப்டிகீது? ஆரோக்கியம் நல்லாகீறாரா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

சொன்னேன். வில்லையை என் கையில் வைத்து மூடினார். மழையில் நனைந்துகொண்டு கேட் வரை வந்து வழியனுப்பினார். இப்படி ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பதுதான் சாவைவிடக் கொடுமை என்று அன்றைக்குத் தோன்றியது.

ஸ்கூட்டரை ஸ்டேஷனில் போட்டுவிட்டு ரயில் ஏறினேன். டிக்கெட் பன்னிரண்டு ரூபாய். இந்த வழியாகப் போகிறவர்கள் சென்ட்ரல் வரை போக வேண்டாம், பேசின் பிரிட்ஜில் இறங்கி கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறிக்கொள்ளலாம். அரை மணி நேரம் மிச்சம். நிழற்குடை மட்டும் எதிர்பார்க்காதீர்கள், நான் தொப்பலாக நனைந்தேன். மீஞ்சூரில் இறங்கும்போது மணி பத்தே கால்.

நாசர் பாய் பழவேற்காட்டுக்காரர். கையில் தங்க வாட்ச், வாயில் ஓயாத பெருமை. “சிங்கப்பூர்ல வாங்கினு வந்தது சார் இந்த மெஷினு. மெட்ராஸ்லயே நாலு பேருகிட்டதான் கீது” என்று லேப்டாப் பையைத் தட்டிக் காட்டினார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, “ஓனர் கூட இருக்கணும் சார். திருட்டு வண்டிக்கு சாவி போட்டு குடுத்துட்டு நான் ஸ்டேஷன் வாசல்ல நிக்க முடியாது” என்றார்.

“ஓனர் இறந்துட்டார் பாய். அவர் சம்சாரம் என் தங்கச்சி.”

“அடடா. அப்ப ஆர்சி புக்கு, டெத் சர்டிபிகேட்டு ரெண்டயும் எடுத்து வெக்க சொல்லு சார். அவங்க எதுர்லதான் செய்வேன்.”

சாவி என்ன ஆனது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவருடைய வேனிலேயே கும்மிடிப்பூண்டியில் ரெஜினா வீட்டுக்குக் கிளம்பினோம். பொன்னேரி வழியாகத் தச்சூர் கூட்டு ரோடு போய் ஹைவே பிடித்தால் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான். அனல்மின் நிலையத்து லாரிகள் அடித்த சேற்றுத் தண்ணீரில் ஒன்றே கால் மணி நேரம் ஆனது. சாம்பலும் மழையும் கலந்து கண்ணாடியில் வழிந்தது. கவரைப்பேட்டை தாண்டியதும் இரும்பு உருக்கும் ஆலைகளின் புகை மழைக்குள்ளேயே தாழ்ந்து நின்றது. ஆரோக்கியம் இந்தப் புகையைத்தான் தினமும் சுவாசித்தார். எனக்கு அந்த ஊரின் மேல் காரணமில்லாமல் கோபம் வந்தது.

ரெஜினா வாசலிலேயே நின்றிருந்தாள். “சாப்டியாணா? நாஷ்டா வாங்கியாரட்டா?” என்று கேட்டாள். முகம் பாதியாகியிருந்தது. நாசர் பாய் டிரைவர் பக்கக் கதவுப் பூட்டைக் கழற்றி, அதன் உள்ளே இருக்கும் தகடுகளின் உயரத்தைப் பார்த்து சாவி வெட்ட ஆரம்பித்தார். பாதியில் கரண்ட் போனது. ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். கரண்ட் வந்து வெட்டிய முதல் சாவி பூட்டில் திரும்பவில்லை. “பேஜாரா பூடுச்சே” என்று அலுத்துக்கொண்டு அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வெட்டினார். அது திரும்பியது.

அடுத்து லேப்டாப்பை ஸ்டியரிங்குக்குக் கீழே மாட்டிக் கோடு நம்பரைப் போட்டார். தேய்ந்த எண்ணை மூன்று என்று படித்தார். நான் எட்டாக இருக்கும் என்றேன், கேட்கவில்லை. தப்பாகப் போனதும் வண்டி கோபித்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குப் பூட்டிக்கொண்டது. அப்படித்தான் அமைத்திருக்கிறார்களாம். எட்டு போட்ட பிறகு திரை திறந்தது. அப்போது மூன்றரை மணி. நாசர் பாய் ரெஜினாவைக் கூப்பிட்டார்.

“இதுல ஒரு சாவி பதிவாயிருக்கும்மா. அது கைல இருந்தா ரெண்டயும் சேத்து ஏத்தலாம். இல்லாததால அத்த அழிச்சாதான் புதுசு ஏறும். அழிச்சிடட்டா? அப்பறம் எங்கனா கெடச்சா கூட அது வேலைக்கு ஆவாது.”

“அது கெடைக்காது பாய்,” என்றாள் ரெஜினா. “அவுருகிட்ட கீது. பெட்டிக்குள்ள வெச்சி அனுப்பிட்டோம்.”

நாசர் பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் லேப்டாப்பைப் பார்த்தேன். ரெஜினா முந்தானையால் பானெட்டில் இருந்த மழைத்தண்ணீரைத் துடைத்துக்கொண்டே நின்றாள். துடைக்கத் துடைக்க மழை விழுந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பதிலாக நானே சரி என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன்.

“அழிச்சாதான் வண்டி ஓடுமா பாய்?”

“ஆமாம்மா.”

“திங்கக்கெழம போயாவணும். அழிச்சிடுங்க.”

ஒரே ஒரு பட்டனைத் தட்டினார், அவ்வளவுதான். புதுச் சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் மினுக்கிய சாவி விளக்கு அணைந்து இன்ஜின் எடுத்தது. கூடவே வைப்பர் தானாக ஓடத் தொடங்கியது. கடைசி ராத்திரி மழையில் வந்த ஆரோக்கியம், வைப்பரை நிறுத்தாமலே சாவியை எடுத்திருக்கிறார். அதைப் பார்த்ததும் ரெஜினா வண்டியின் மேல் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன், மறைப்பானேன்?

இனி உங்களுக்குப் பயன்படுகிற விஷயம். மொத்தம் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆனது. சிப் வைத்த சாவி ஆயிரத்து எண்ணூறு, வெட்டக் கூலி எழுநூறு, புரோகிராம் பண்ண மூவாயிரம், வந்து போக ஆயிரம். வீணான சாவிக்கு அவர் காசு கேட்கவில்லை. ஏற்கெனவே ஒரு சாவியாவது கையில் இருந்தால் இரண்டாவது சாவி இரண்டாயிரத்து இருநூறுக்கே முடிந்துவிடும், அரை மணி நேர வேலை. அதனால் ஒற்றைச் சாவியோடு செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கியவர்கள் நாளைக்கே ஸ்பேர் போட்டுவையுங்கள். கோடு வில்லையை முதல் ஓனரிடமிருந்து கேட்டு வாங்கிவிடுங்கள். வெட்டிய சாவியை முதலில் கதவில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் புரோகிராம் பண்ணச் சொல்ல வேண்டும். ஆர்சி புக்கைக் கேட்காமல் சாவி போட்டுத் தருகிறேன் என்பவரிடம் போகவே போகாதீர்கள்.

சாவி யார் கையில் சிக்கியதென்று தெரியாதவர்கள் கதவுப் பூட்டையும் மாற்றிவிடுவது நல்லது. கூடுதலாக ஆயிரத்து இருநூறு ஆகும். நாசர் பாய் கிளம்பும் முன் பழக்க தோஷத்தில் ரெஜினாவிடமும் இதைச் சொன்னார்.

“பூட்டும் மாத்திக்கலாம்மா. பழைய சாவிக்கு இன்ஜின்தான் எடுக்காது. கதவு தொறக்கும்.”

“தொறக்குமா பாய்?”

“தொறக்கும்மா. பூட்டு அதே பூட்டுதானே.”

“அப்ப மாத்தாதீங்க,” என்றாள் ரெஜினா. “ஓட்டுனது போதும் அவுரு. வந்தாருன்னா ஏறி உக்காந்துகினு இருக்கட்டும்.”