ஃபெலேதியின் ஐம்பது பாங்கா

கொலோவாய் என்ற தீவுக் கிராமத்தில் பஸ் ஓட்டும் ஃபெலேதியைப் போல ஒரு கொடைவள்ளல் கிடையாது என்று ஊரே சொல்லும். நிதி திரட்ட எந்தப் பெண் ஆடினாலும் முதலில் எழுவது அவன்தான். நூற்றிருபது கிலோ உடம்பைக் குலுக்கிக்கொண்டு பக்கத்தில் போய்க் கோமாளி ஆட்டம் ஆடுவான். பிறகு ஐம்பது பாங்கா நோட்டு ஒன்றை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டி, தேங்காயெண்ணெய் மினுங்கும் அவள் தோளில் பச்சக்கென்று ஒட்டுவான். ஆடுபவள்மேல் ஒட்டும் காசுதான் அங்கே நன்கொடை.

நான்கு வருஷமாக அது ஒரே நோட்டு. ஆட ஆட நோட்டுகள் உதிரும். அவற்றைப் பொறுக்கிப் பெட்டியில் போடும் புண்ணிய வேலையையும் அவனே இழுத்துப் போட்டுக்கொள்வான். எல்லாம் ஒழுங்காகப் பெட்டிக்குப் போகும். எண்ணெயில் ஊறி அப்பளம் போலாகிவிட்ட அந்த ஐம்பது மட்டும் அவ்வூர் வழக்கப்படி விசேஷத்துக்கு உடைமேல் இடுப்பில் சுற்றிய பாய்க்குள் போய்விடும். அடுத்தவர் காசைத் தொட்டதில்லை. அந்த மட்டில் யோக்கியன்.

அந்தச் சனிக்கிழமை பள்ளிக்கூடக் கூரைக்காக ஆட வந்தவள் அவன் மகள் லூசெயானே. திங்கட்கிழமை பஸ்ஸுக்கு டீசல் போட அவனிடம் இருந்ததே அந்த நோட்டுதான். அதற்காகப் பெற்ற அப்பன் சும்மா உட்கார முடியுமா? எப்படியும் விழத்தானே போகிறது என்று ஒட்டினான்.

"பெத்த மகளுக்கும் அம்பதுதானா? நூறா ஒட்டுடா, கஞ்சப்பயலே!" என்று கத்தினான் மீன்காரன் தானியேலா.

"நீ மொதல்ல அஞ்சு ஒட்டுடா, பாப்போம்!" என்றான் ஃபெலேதி.

பிறகு குனிந்து தரையைப் பார்த்துக் காத்திருந்தான். இரண்டு விழுந்தது, பத்து விழுந்தது. ஐம்பது விழவில்லை. நிமிர்ந்தால், மகள் தலையைத் தோள்பக்கம் சாய்த்து, கன்னத்தால் நோட்டை அமுக்கிக்கொண்டே ஆடுகிறாள்! கூட்டம் அதை நளினம் என்று நினைத்து ஆர்ப்பரித்தது. அவள் கண் மட்டும் அப்பன்மேல் இருந்தது.

தன் நோட்டு விழாததால் அவன் ஆட்டத்தைப் பார்த்தான். இத்தனை வருஷம் தரையையே பார்த்தவனுக்குத் தன் மகள் இவ்வளவு அழகாக ஆடுவாள் என்று தெரியவே தெரியாது. கண் கலங்கிவிட்டது.

முடிந்ததும் அவள் நோட்டை உரித்துப் பெட்டியில் போட்டாள். "நாலு வருஷமாக் குனிஞ்சு குனிஞ்சு பொறுக்குறீங்களேப்பா. இன்னிக்காவது உங்க முதுகுக்கு ஓய்வு."

"கழுத்து வலிக்குதாடி?" என்று மட்டும் கேட்டான்.

திங்கட்கிழமை காலை ஃபெலேதி ரோட்டோரம் நடந்துபோவதைப் பார்த்துத் தானியேலாவுக்கு ஆச்சரியம்.

"பஸ் எங்கடா?"

"பள்ளிக்கூடக் கூரை மேல இருக்கு."