தட்டு மேடமும் ஜெல்லிக் கப்புகளும்

எங்கள் குடும்பத்தில் விருந்து என்றால் பெரியக்காதான் வேலையைப் பிரித்துக் கொடுப்பாள். எனக்குக் கேக். மாமாவுக்கு, அதாவது அவள் கணவருக்கு, பாட்டில்கள். சின்னக்காவுக்குப் பேப்பர் தட்டு. சின்னக்கா ஒரு தடவை வைத்த சூப்பைப் பக்கத்து வீட்டுப் பூனை முகர்ந்து பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனது. அன்றிலிருந்து அவளை யாரும் அடுப்படிப் பக்கம் விடுவதில்லை. "தட்டு மேடம் வந்தாச்சு" என்று கேலி செய்வோம். சிரித்துக்கொள்வாள், ஆனால் அவளுக்கு அது சுருக்கென்று தைக்கும்.

அவளுக்கு வேலை நாற்றுப் பண்ணையில். விதை போடுவாள், நாற்றைத் தொட்டிக்கு மாற்றுவாள், ஒரு செடியின் கிளையை இன்னொன்றோடு சேர்த்து ஒட்டுக் கட்டுவாள். செத்துப்போச்சு என்று நாம் எறிந்த குச்சி அவள் கையில் துளிர்விடும். அதே கையில் சூப் மட்டும் ஏன் அப்படி ஆனதோ.

மாமாவுக்கு ஐம்பது வயது முடிந்தது. பிறந்தநாள் விருந்துக்கு, ஒரே வாயில் விழுங்குகிற மாதிரி வோட்கா கலந்த ஜெல்லி வேண்டும் என்று ஆசைப்பட்டார். எனக்கு முன்னால் சின்னக்கா கையைத் தூக்கிவிட்டாள்.

"நான் செய்யறேன்."

பெரியக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சொதப்பினே, ஜென்மத்துக்கும் தட்டுதான். சொல்லிட்டேன்."

ஜெல்லி என்னவோ சொன்ன பேச்சைக் கேட்டது. எதில் ஊற்றுவது என்பதுதான் தலைவலி. ஒயின் கிளாஸில் ஊற்றினாள்; பார்க்க அழகு, ஆனால் நாக்கை எவ்வளவு நீட்டினாலும் எட்டவில்லை. இருமல் மருந்து அளக்கிற மூடியில் ஊற்றினாள், "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டு அதை நான் ஒழித்துக்கட்டினேன். ஐஸ் டிரேயிலிருந்து எடுத்தவை கைக்கு அகப்படாமல் வழுக்கி சோபாவுக்கு அடியில் ஓடின. எல்லாவற்றையும் ருசி பார்க்கிற பொறுப்பு என்னுடையது. நான் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிற ஆள் இல்லை. கொஞ்ச நேரத்தில் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் சாஸ் ஊற்றிக் கொடுக்கிற குட்டி பிளாஸ்டிக் கப் அகப்பட்டது. கைக்கு அடக்கம், விலையும் மலிவு. ஒரே ஒரு குறை, ஜெல்லி அடியில் ஒட்டிக்கொண்டு வெளியே வர அடம்பிடித்தது. விரலை விட்டு நோண்டி எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு மூட்டையாக வாங்கி வந்தாள்.

விருந்தன்று காலையில் அவள் வீட்டுக்குப் போனால், சமையல் மேடை முழுக்கச் சிவப்பு வெள்ளம். நடுவில் சின்னக்கா சிலையாக நிற்கிறாள். ஒரு கப்பைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் ஓட்டை. இன்னொன்று, அதிலும் ஓட்டை. முந்தின நாள் டிவி பார்த்துக்கொண்டே கம்பியைச் சுடவைத்து ஒன்று விடாமல் ஓட்டை போட்டிருக்கிறாள், மகராசி! பண்ணையில் எந்தக் கப் கைக்கு வந்தாலும் முதல் வேலை அதுதான். இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கிச் செடி அழுகிவிடும்.

"ஏங்க்கா, ஜெல்லிக்கு எந்த வேர் அழுகப் போகுது?"

"நான் பண்ணலடி, கை பண்ணிடுச்சு." தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண் நிறைந்துவிட்டது. "எனக்குத் தட்டுதான்டி லாயக்கு."

எனக்குப் பாவமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. என்னைப் பார்த்து அவளும் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே கைப்பையைத் துழாவி, ஒட்டுக் கட்டுகிற நாடாவை எடுத்தாள். இழுத்தால் நீண்டு, தன்மேலேயே ஒட்டிக்கொள்கிற நாடா. ஒரு கப்பின் அடியில் இழுத்துச் சுற்றித் தண்ணீர் ஊற்றினாள். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. இருவரும் உட்கார்ந்து எல்லாக் கப்புக்கும் கட்டுப் போட்டோம். மிச்சமிருந்த ஜெல்லிப் பாக்கெட்டுகளைக் கரைத்து ஊற்றி, ஃபிரிட்ஜில் அடுக்கினோம்.

சாயங்காலம் மாமா முதல் கப்பை எடுத்தார். சின்னக்கா பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"நாடாவை உரிச்சிடுங்க மாமா. வாயில வச்சு ஒரே உறிஞ்சு."

காற்று ஓட்டை வழியாக உள்ளே போனதும், அடம்பிடிக்கிற ஜெல்லி லபக்கென்று அவர் வாய்க்குள் குதித்தது. மாமா கண்ணை விரித்தார். "இன்னொண்ணு குடும்மா!" அவ்வளவுதான், கூட்டம் மொய்த்துவிட்டது. ஒருத்தர் வாயில் கப்பை வைக்க, இன்னொருத்தர் ஓட்டையில் ஊத, புது விளையாட்டே பிறந்தது. பெரியக்கா கணவருக்காக மூச்சை இழுத்துப் பிடித்து ஊதினாள். ஜெல்லி வாயைத் தாண்டி அவர் மூக்குக்கண்ணாடியில் போய் உட்கார்ந்தது. சின்னக்கா முகத்தைப் பார்க்கவேண்டுமே! பண்ணையில் பூக்கிற எந்தப் பூவுக்கும் அவ்வளவு பவிசு கிடையாது.

சாப்பாட்டு நேரம் வந்தது. "தட்டு எங்கடி?" என்றாள் பெரியக்கா.

எல்லாரும் வழக்கம்போல் சின்னக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கு ஜெல்லின்னுதானே சொன்னே?"

வீட்டில் இருந்த தட்டுகள் முதல் வரிசைக்கே போதவில்லை. மற்றவர்கள் காலியான ஜெல்லிக் கப்புகளில் குழம்பை வாங்கி, ஓட்டையை விரலால் பொத்திக்கொண்டு நின்றார்கள். என் முழங்கை வரை குழம்பு வழிந்தது. இத்தனை வருடம் தட்டு தானாக வந்தது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம் போல.

பெரியக்கா கையைத் துடைத்துக்கொண்டே அடுத்த விருந்துக்கு இப்போதே வேலை பிரித்தாள். "ஜெல்லி சின்னவ. அதுல இனி மாத்தமே இல்ல. தட்டு..." அவள் விரல் சுற்றி வந்து எனக்கு நேரே நின்றது.

"எனக்குக் கேக் இருக்கே!"

"கேக் கடையில வாங்கிக்கலாம்."

சின்னக்கா என் தோளில் கை போட்டாள். "கொஞ்சம் கனமாப் பாத்து வாங்குடி," என்றாள். "மெலிசா இருந்தா நடுவுல மடங்கிடும்."